வாய் திறந்த கோவேறு கழுதை

டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, மேடம். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். வாங்கி வந்த கான்ஸ்டபிளை ஒன்றும் சொல்லாதீர்கள். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அமிர்தம் நன்றாக இருந்த வரைக்கும் என் டம்ளரை மட்டும் தனியாகக் கலந்து கொடுப்பாள். அவள் படுத்த பிறகு நானே போட்டுக் குடிக்கக் கற்றுக்கொண்டேன். எழுபது வயதுக்கு மேல் அடுப்புப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டவன் நான். பெண்டாட்டியைக் கவனிக்காதவன் என்று என்னைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் பெண் வினோதினி உங்களிடம் கொடுத்திருக்கும் புகாரில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி, அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாததால் வந்தது. அதை மட்டும் நான் விளக்கிவிடுகிறேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தப்புச் செய்தவனுக்குத்தான் வக்கீல் வேண்டும்.

என் பெயர் தேவநாதன். அரசாங்கக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். பண்ருட்டியில் இருந்தேன், காட்டுமன்னார்கோயிலில் இருந்தேன், கடைசியில் கடலூர். லால்பேட்டை வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் போய் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள், எத்தனை வீட்டு மாடுகளை நான் பிழைக்கவைத்தேன் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் வீடு கட்டி அமிர்தமும் நானும் இருந்தோம். பின்கட்டில் ஓர் அறையைப் படம் வரைவதற்கென்றே கட்டினேன். மேற்கே பெரிய ஜன்னல் வைத்தேன். வீட்டுக்கு வருகிற எல்லோரும், ஏன் சார் நடராஜரை வரையவில்லை என்று கேட்பார்கள். ஊரில் அதற்கு நிறைய ஆள் இருக்கிறார்கள். நான் யுத்த விமானம் வரைவேன். என் விமானத்தில் ஒரு ஆணிகூட இடம் மாறி இருக்காது. பெங்களூரிலிருந்து ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரிகள் போன் செய்து பாராட்டியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஸ்டேஷன் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் படத்துக்கு வருகிறேன். அதை வெயிலில் வைக்காதீர்கள், தயவுசெய்து. பர்மா காட்டுக்குள் வெட்டிய ஒரு விமானத்தளம் அது. மரங்களை வெட்டி, யானைகளை விட்டு இழுத்து அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். வலது பக்கம் மூலையில் ஒரு யானை அடிமரத்தை இழுத்துக்கொண்டு போவது தெரியும். நடுவில் பச்சை வர்ணம் அடித்த டகோட்டா விமானம். அதன் கதவிலிருந்து சாய்வாகப் பலகை போட்டு, கோவேறு கழுதைகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார்கள். பலகையின் நடுவில் ஒரு கழுதையின் தலைக்கயிற்றைப் பிடித்து நிற்கிறாரே, அது என் அப்பா.

அப்பா ராணுவத்தில் கால்நடைப் பிரிவில் இருந்தவர். கழுதைகளுக்கு மருந்து போடுவது, லாடம் பார்ப்பது, ஆபரேஷனின்போது பிடித்துக்கொள்வது. காட்டுக்குள் எதிரிக்குப் பின்னால் போய் இறங்கும் படை அது. கழுதை கத்தினால் அத்தனை பேரும் செத்தார்கள். அதனால் விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பே அவற்றின் தொண்டையில் குரல் நாணை அறுத்துவிடுவார்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான், மேடம், முகத்தைச் சுளிக்காதீர்கள். அது சரித்திரம். அந்த அறுவை நடந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் அப்பா. அவருக்கு அதில் எந்த வருத்தமும் இருந்ததாக நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். இறக்கும்போது ஒரு கழுதை பலகையிலிருந்து வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டதாம். பின்னால் நின்ற அதன் ஜோடிக் கழுதை வாயைத் திறந்ததாம்.

"அது கத்துனதப் பாத்தேன்டா" என்றார். "கேக்கல. பாத்தேன்."

சொல்லிவிட்டு மோர் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் கால்நடை மருத்துவம் படித்ததற்கும், படம் வரைய ஆரம்பித்ததற்கும் அந்த ஒரு பேச்சுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பாதி முடிந்திருந்தபோது அமிர்தத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் போயிற்று. பேச்சும் போயிற்று. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. எல்லாம் புரியும், கண்ணால் பதில் சொல்வாள், இடது கையை அசைப்பாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. சின்னம்மாள் என்று ஒரு அம்மாவை வேலைக்கு வைத்தேன். காலையில் வந்து குளிப்பாட்டி, சோற்றைக் குழைத்து ஊட்டிவிட்டு, மதியத்துக்கு மேல் போய்விடுவாள். அதன் பிறகு ராத்திரி வரைக்கும் நான்தான். எத்தனை ஆண்பிள்ளைகள் செய்வார்கள் சொல்லுங்கள். தலையணையை ஏற்றிவைக்க வேண்டும், எச்சிலைத் துடைக்க வேண்டும், புரட்டிவிட வேண்டும். எச்சில் தொண்டையில் தேங்கினால் உடனே ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் செய்தேன். முகம் சுளிக்காமல் செய்தேன்.

அப்போதுதான் கறுப்பி தன் வேலையை ஆரம்பித்தது. கறுப்பி எங்கள் நாய். தெருவிலிருந்து வந்து சேர்ந்தது. இடது காது கொஞ்சம் கிழிந்திருக்கும். கூடத்தில் அமிர்தத்தின் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். அமிர்தத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். வளையல் கம்பியில் படும். உடனே கறுப்பி எழுந்து பின்கட்டுக்கு ஓடி வந்து என் அறை வாசலில் நின்று குரைக்கும். நான் எழுந்து போகிற வரைக்கும் விடாது. யாரும் சொல்லித்தரவில்லை. அதுவாகவே கற்றுக்கொண்டது.

வினோதினி கடலூரில் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள், காலேஜில் பாடம் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாப்பிள்ளையோடு வந்துவிடுவாள். இதைப் பார்த்துவிட்டு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கம்மாவுக்குப் பேச்சு போயிடுச்சுன்னு யாரு சொன்னா? இதோ நாலு கால்ல நடக்குது பாருங்க" என்றாள்.

அது பேச்சு. கேட்க நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நன்றாக இருக்கும். மற்ற நாட்களில் அந்தக் குரைப்பு என் அறை வாசலில் வந்து விழுந்தது. பிரஷை எடுத்து, வர்ணம் குழைத்து, அப்பாவின் கையில் உள்ள கயிற்றுக்கு ஒரு நிழல் வைப்பதற்குள் அது வந்துவிடும். தலையணை. போய் வந்து உட்காருவேன். மறுபடி வரும். போர்வை. மறுபடி வரும். போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சும்மா என் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். கண்ணால் சிரிக்கிறாள். நானும் சிரித்துவிட்டு வருவேன். எனக்குக் கோபமே வந்ததில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது வருஷம் சத்தம் போடாமல் வாழ்ந்தவள், வாய் போன பிறகு இத்தனை சத்தம் போட்டாள். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பக்கத்து வீட்டு சுப்பிரமணியன், பேங்க் மேனேஜராக இருந்தவர், ஒரு நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சார், நாய் ரொம்பக் கத்துதே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை, அமிர்தம் கூப்பிடுகிறாள் என்றேன். "ஐயையோ, அப்படியா சார், அப்ப கத்தட்டும் சார்" என்று உள்ளே போய்விட்டார். அவர் மரியாதைக்கு அப்படிச் சொன்னார். தொந்தரவு தொந்தரவுதான். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கொடுத்துப் பழக்கமில்லாதவன் நான். அவரை நீங்கள் விசாரித்தபோது, எந்தப் புகாரும் சொல்லவில்லை என்றாராம். மனுஷர் பயந்திருப்பார்.

கறுப்பிக்கு நான் செய்தது ஒரு நாட்டில் குற்றம், இன்னொரு நாட்டில் இல்லை. இந்த நாட்டில் குற்றம் என்றால் அதற்கு உண்டான தண்டனையைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வலிக்கச் செய்தேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுத்தமாகச் செய்தேன். என் கை இன்னும் நடுங்கவில்லை. என்னிடம் வெகுநாள் உதவியாளராக இருந்த பக்கிரியைக் கூப்பிட்டனுப்பினேன். கருத்தடை ஆபரேஷன் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன், அதையும் மறைக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் வந்திருக்க மாட்டான். அவன் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் வயிற்றுப் பக்கம் போகாமல் அதன் வாயைத் திறந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது.

"ஐயா, வேணாங்க ஐயா. அந்தம்மாவுக்கு இத வுட்டா வேற நாதி ஏதுங்க?" என்றான்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

அவன் பிடித்த தலையை விடவில்லை. பழக்கம் அப்படி. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். உங்களிடம் வந்து அழுதிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அழுதால் அழட்டும். பிடித்த கை அவனுடையது.

காயம் ஆறியதும் கறுப்பி முன்போலவே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. அமிர்தம் தட்டுவாள். அது ஓடி வரும். வாசலில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். நான் நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். பார்க்காவிட்டால் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து நானாகப் போகும்போது அமிர்தத்துக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்தேன். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு மட்டும் குறைந்துபோயிற்று. நாயைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஒரு கால்நடை மருத்துவருக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே.

வினோதினியிடம் தொண்டையில் தொற்று, குரல் போய்விட்டது என்றேன். டாக்டர் சொன்னால் நம்பத்தானே வேண்டும். நம்பினாள். அடுத்த வாரமே வயர் இல்லாத காலிங் பெல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். சுவிட்சை அமிர்தத்தின் இடது கைப்பக்கம் கட்டிலில் ஒட்டி, மணியை என் அறைச் சுவரில் மாட்டினாள். அது கிளி கத்துவதுபோல ஒரு பாட்டுப் பாடும். என்னால் முடிந்த வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். பிறகு கூடத்துக் கடிகாரம் நின்றுபோயிற்று. அந்த மணியில் இருந்த பேட்டரியைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டேன். வீட்டில் மணி தெரிய வேண்டாமா? அமிர்தத்துக்கு மாத்திரை கொடுப்பதே அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். மணிக்கு வேறு பேட்டரி வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கப் போகிற நேரத்தில் வீட்டில் யார் இருப்பது?

சரி, நீங்கள் கேட்க நினைப்பது அந்த வியாழக்கிழமையைப் பற்றி.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வினோதினி என் அறைக்கு வந்து படத்தைப் பார்த்தாள். எல்லாம் முடிந்திருந்தது, கதவருகே நிற்கும் அந்த ஜோடிக் கழுதையைத் தவிர. அதையும் வரைந்துதான் வைத்திருந்தேன், வாயை மூடிக்கொண்டு நின்றது. "ஏன்ப்பா எல்லாக் கழுதையும் கிளாஸ் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வாய மூடிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. அப்பா பார்த்ததை என்னால் வரைய முடியவில்லை. வாயைத் திறந்து வரைந்தால் கத்துகிற கழுதையாகிவிடுகிறது. படத்தைப் பார்க்கிறவன் காதில் சத்தம் கேட்டுவிடுகிறது. சத்தம் வராத வாய் எப்படி இருக்கும்? விலா எலும்பு எப்படி ஏறும்? கண் எங்கே பார்க்கும்? எத்தனையோ தடவை வரைந்து வரைந்து சுரண்டிவிட்டேன். அந்த இடத்தில் கித்தானே தேய்ந்துவிட்டது.

வியாழக்கிழமை சின்னம்மாள் ஊட்டிவிட்டுப் போன பிறகு நான் அமிர்தத்தைப் பார்த்தேன். நன்றாக இருந்தாள். நெற்றியில் கை வைத்துவிட்டு வந்தேன். அறையில் மேற்கு வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த வெளிச்சம் நெடுநேரம் நிற்காது. பிரஷை எடுத்தேன். கட்டில் கம்பியில் வளையல் தட்டுகிற சத்தம் வந்தது. அது எனக்கான சத்தம் இல்லை, நாய்க்கானது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பழகியிருந்தோம். தட்டினால் நாய் போகும். நாய் வந்து சொன்னால் நான் போவேன்.

நாய் வந்தது.

வாசலில் நின்று சத்தமில்லாமல் குரைத்தது. அன்றைக்கு அது வாசலோடு நிற்கவில்லை, உள்ளே வந்தது. வேட்டியைக் கவ்வி இழுத்தது. கூடத்துக்கு ஓடியது, திரும்பி வந்தது, என் முன்னால் வந்து நின்று தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் வாய்க்குள் விழுந்தது. நாக்கு பின்னால் சுருண்டிருந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. கண் என்னைப் பார்க்கவில்லை, மேடம். என்னைத் தாண்டி, வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தது. அப்பா ஏன் அன்றைக்குச் சோற்றுத் தட்டின் முன்னால் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நில்லு" என்றேன். நின்றது. நல்ல நாய். சொன்ன பேச்சைக் கேட்கும்.

நான் வரைந்தேன். என் வாழ்நாளில் அப்படி வரைந்ததில்லை. ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. வெளிச்சம் போகிற வரைக்கும் வரைந்தேன். நடுவில் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது. நாய் கடைசி வரைக்கும் நின்றது. பிறகு அதுவாகவே வாயை மூடிக்கொண்டு, திரும்பி, மெதுவாகக் கூடத்துக்கு நடந்து போயிற்று. நானும் பிரஷைக் கழுவி வைத்துவிட்டுப் போனேன். அமிர்தம் தலையணையிலிருந்து சரிந்து கிடந்தாள். போய்விட்டிருந்தாள். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, வயதானவர்கள், மூச்சு அடைத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார். சுப்பிரமணியன்தான் எல்லோருக்கும் போன் செய்தார்.

இந்த இடத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நான் செய்த ஒரே தப்பு இதுதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ராத்திரியே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கூடம் போதாமல் என் அறையையும் ஒழித்துப் பாய் போட்டார்கள். பெண்கள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு அழுகிறார்கள், சுவரில் சாய்கிறார்கள். கித்தான் அந்தச் சுவரில்தான் இருந்தது. விடிந்ததும் மாப்பிள்ளை கதிரவனைக் கூப்பிட்டு, படத்தைக் காரில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள் என்றேன்.

"மாமா, அத்தை படுத்துருக்காங்க. இப்ப எதுக்கு மாமா இது?" என்றார்.

அமிர்தத்தின் அக்கா விருத்தாம்பாள் எழுந்தே வந்துவிட்டாள். "என்னா தம்பி, பொணம் இன்னும் வூட்ட வுட்டுக் கெளம்பல. எழவு வூட்டுலேருந்து ஒரு துரும்பு வெளிய போவலாமா? ஆவாது தம்பி, வுடுங்க" என்றாள்.

அந்தக் கிழவி சொன்னதைக் கேட்டிருக்கலாம். எனக்கு இந்தச் சாங்கியத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எழவு வீட்டுப் பொருளை வெளியே அனுப்பினால் என்ன ஆகிவிடும் என்று இருந்தேன். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், கதிரவன் தூக்கும்போது, அத்தனை பேர் முன்னாலும், "பாத்துத் தூக்குங்க, அந்தக் கழுத வாயில பெயிண்ட் இன்னும் ஈரமா இருக்கு" என்று சொன்னேன். வாழ்நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதன் அருமையைப் பேசியவன், மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. கதிரவன் சட்டையில் அப்படியும் ஒட்டிக்கொண்டது. வெள்ளைச் சட்டை. வினோதினி மறுவாரம் அதை மண்ணெண்ணெய் போட்டுத் துவைத்திருக்கிறாள். கறை போகவில்லையாம்.

படம் அவர்கள் மாடி அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. துக்க வீட்டில் யார் படம் பார்ப்பார்கள்? பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கொஞ்ச நாள் கழித்து, கடலூரில் முன்னாள் ராணுவத்தினர் விழா ஒன்றில் வைக்க ஆள் வந்து எடுத்துப்போனார்கள். கொடுப்பதாக நான் முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். மண்டபத்தில் எல்லோரும் அந்த ஒரு கழுதையின் முன்னால்தான் நின்றார்கள். தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் காதே அடச்சிப்போச்சு சார்" என்றார். எனக்கு அது போதும். அப்பா இருந்திருந்தால் அவருக்கும் அது போதும்.

வினோதினியும் நின்றாள். வெகுநேரம் நின்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்வாள் என்று நான் பக்கத்தில் போனேன்.

"அப்பா, இந்தக் கழுதைக்கு ஏன் காது கிழிஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

நான் பார்த்தேன். இடது காது. வரையும்போது எனக்கே தெரியவில்லை. பார்த்ததை வரைந்திருக்கிறேன், அவ்வளவுதான். நல்ல ஓவியன் அப்படித்தான் செய்வான்.

"ஞாயித்துக்கெழம வாய மூடிக்கிட்டு இருந்துச்சு. வெள்ளிக்கெழம காலையில இவரு சட்டையில ஈரமா ஒட்டுச்சு. நடுவுல எப்பப்பா வரைஞ்சீங்க?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. அவள் அம்மாவைப்போலவே பேசினாள். அவள் நேராகப் பக்கிரி வீட்டுக்குப் போனாள், அங்கிருந்து உங்களிடம் வந்தாள். கறுப்பியை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது எல்லோரும் என்னை ஏதோ கசாப்புக்காரனைப்போலப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தக் காட்டில், ஒரு கழுதை கத்தியிருந்தால் ஒரு படையே அழிந்திருக்கும். அப்பாவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். நான் செய்ததும் அதுவேதான். ஒரு வேலை நடக்க வேண்டியிருந்தது, அதற்கு அமைதி வேண்டியிருந்தது. அமிர்தம் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பாள்? அந்தப் படம் இருக்கும். நீங்கள் என்னை உள்ளே போட்டாலும் இருக்கும். நீதிமன்றத்தில் சாட்சியாக அதைக் கொண்டுபோய் வையுங்கள். நீதிபதியும் அந்த வாயைப் பார்க்கட்டும்.

நாய் எதற்காகக் குரைக்கிறது என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம், தெரியும். தட்டிய சத்தம் வழக்கத்தைவிட வேகமாக இருந்ததும் தெரியும். தொண்டையில் எச்சில் தேங்கிவிட்டது, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் சரியாகிவிடும் என்பதும் தெரியும். கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சமையல்கட்டுதான் இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அமிர்தம் கூப்பிட்டும் நான் போகவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அது பொய். அவள் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருக்க மாட்டேனா, மேடம்?